கதவில்லாத கள்ளிவேலி

ரின்கோன் ஊரில் ஒருவருடைய ஆடு மற்றொருவருடைய தோட்டத்தை மேய்ந்துவிட்டால், ஆட்டின்மீது குற்றம் சொல்லும் வழக்கம் இல்லை. குற்றம் வேலியினுடையது. ஆடு என்பது நான்கு கால்களின்மேல் நடமாடும் ஒரு வயிறு. அது தன் கடமையைச் செய்கிறது. வேலி தன் கடமையைச் செய்ததா என்பதே ஊரார் கேட்கும் கேள்வி. இந்த நியாயம் எர்சிலியாவுக்கும் நன்றாகவே தெரியும். தெரிந்திருந்தும், ஐந்து ஆண்டுகளாக அவருடைய சோளம் ஒருமுறைகூட முற்றி வீடு வந்து சேர்ந்ததில்லை.

மேய்ந்தவை யாருடைய ஆடுகள் என்பதிலும் ஐயமில்லை. பக்கத்துத் தோட்டக்காரரான நிகாசியோவின் ஆடுகள். வேறு யாருடையவையாக இருந்தாலும் தேவாலய வாசலில் நிறுத்தி நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் நிகாசியோ, எர்சிலியாவின் மகனுக்கு ஞானத்தந்தை. அந்த மகன் வளர்ந்து, பக்கத்துத் தீவான கூராசாவின் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்து, இப்போது வருடத்துக்கு ஒருமுறைதான் தீவுக்கு வருகிறான். என்றாலும் உறவு உறவுதானே. பிள்ளையின் ஞானஸ்நானத்தில் அவனைக் கையில் ஏந்தி நின்றவரை ஒரு தாய் ‘கொம்பா’ என்று அழைத்துவிட்டால், அதன் பிறகு அவரிடம் குரலை உயர்த்துவது தகாது. அவரும் அந்தத் தாயிடம் அப்படியே. ஆகவே இருவருக்கும் இடையே நடந்தவை யாவும் மிகுந்த மரியாதையோடுதான் நடந்தன.

ஒவ்வொரு சேதத்துக்குப் பிறகும் நிகாசியோ தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்.

“தங்கச்சி, நம்ம பசங்க நேத்து உங்க தோட்டத்துல சாப்பிட்டுட்டாங்களாமே?”

“ஆமா கொம்பா. வயிறு நிறையவே சாப்பிட்டாங்க.”

“உங்க கைப்பக்குவத்த ரொம்பப் புகழ்ந்தாங்க.”

“அடுத்த தடவ முன்னாடியே சொல்லி அனுப்புங்க. உப்புப் போட்டு வைக்கிறேன்.”

சிரித்துக்கொண்டே பிரிவார்கள். வீட்டுக்குள் வந்ததும் எர்சிலியா கதவைச் சாத்திக்கொண்டு, மூட்டையில் மீதமிருக்கும் விதைச்சோளத்தைக் கையால் அளைந்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருப்பார்.

சோளம் போனதைவிட அவரை வாட்டியது வேறொன்று. அறுவடைக் காலத்தில் அங்கே ஊரே திரண்டு ஒருவர் தோட்டத்தில் இறங்கும், கதிர் கொய்யும், பாடும், தோள்கோத்து ஆடும். தோட்டக்காரர் எல்லாருக்கும் சோறிடுவார். மறுவாரம் இன்னொருவர் தோட்டம். அதைச் சிமதான் என்பார்கள். ஐந்து ஆண்டுகளாக எர்சிலியா மற்றவர்களின் சிமதானுக்குப் போய்க் கதிர் கொய்து, பாட்டுக்குப் பின்பாட்டுப் பாடி, அவர்கள் வைத்த ஆட்டுக்கறிக் குழம்பையும் மக்காச்சோளக் களியையும் உண்டு திரும்பிக்கொண்டிருந்தார். திருப்பி அழைக்க அவரிடம் கொய்வதற்கு ஒரு கதிர் இல்லை. அவர் போகும்போது யாரும் முகம் சுளிக்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கமுடியாததாக இருந்தது.

கம்பிவேலி போட்டுப் பார்த்தார். கடற்காற்றில் அது துருப்பிடித்து அப்பளம்போல் நொறுங்கியது. நிகாசியோவின் மந்தைக்குத் தலைமை தாங்கும் பெரிய கிடாய்க்கு அட்மிரால், அதாவது கடற்படைத் தளபதி, என்று பெயர். அது கம்பியின்மேல் ஒரு காலை வைத்து அழுத்த, மற்ற ஆடுகள் வரிசையாக உள்ளே போனதைப் பார்த்தவர்கள் உண்டு.

பிறகுதான் அவர் யாத்துவிடம் போனார். யாத்து என்பது அத்தீவின் தூண்கள்ளி. கை பருமனுக்கு, வரிவரியாக மடிப்புகளோடு, மடிப்பு முழுவதும் முள்ளோடு, கிளைத்து நேராக மேல்நோக்கி வளரும். ஒரு தண்டை வெட்டி நட்டால் அதுவே ஒரு செடி. நெருக்கமாக நட்டுக்கொண்டே போனால் அதுவே மதில். மழை பெய்யாவிட்டாலும் அது வருத்தப்படாது. குடித்ததை உடம்புக்குள் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காலம் தள்ளும்.

முதல் முயற்சி தோல்வி. அதற்கு அவருடைய அவசரமே காரணம் என்றுதான் சொல்லவேண்டும். முதல் மழை விழுந்த மறுநாளே, மண் ஈரமாக இருக்கிறதே என்ற ஆசையில், வெட்டிய தண்டுகளை வெட்டிய கையோடு நட்டுவிட்டார். வெட்டுவாயில் ஈரம் ஏறியது. மாதம் திரும்புவதற்குள் வேலி முழுவதும் அடியில் அழுகி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தது.

“குடிகாரங்க திருவிழா முடிஞ்சு வீட்டுக்குப் போற மாதிரி இருக்கு தங்கச்சி” என்றார் நிகாசியோ, உண்மையான இரக்கத்தோடு.

அடுத்த கோடையில் எர்சிலியா பொறுமையைக் கற்றுக்கொண்டார். முற்றிய தண்டுகளாகப் பார்த்து, மெலிந்த கணுக்களில் வெட்டினார். சீமைக்கருவேல மரத்தின் நிழலில், சுவரில் சாய்த்து அவற்றை நிற்கவைத்தார். படுக்கவைத்தால் தண்டு வெளிச்சத்தைத் தேடி வளைந்துவிடும். வெட்டுவாய் காய்ந்து, சுருங்கி, செருப்புத்தோல் போல இறுகும்வரை தொடவேயில்லை. பிறகு சரளை மண்ணில் ஒரு சாண் ஆழம் தோண்டி நட்டு, காலால் மிதித்து இறுக்கினார். தண்ணீர் ஒரு சொட்டும் விடவில்லை. கிழக்கிலிருந்து ஓயாமல் வீசும் காற்றுக்குப் புதுத்தண்டு ஆடினால் வேர் பிடிக்காது; ஆகவே உலர்ந்த கள்ளிக்கட்டையைச் சட்டமாகப் பிளந்து, வேலியின் இருபுறமும் குறுக்கே வைத்து, பழைய மீன்வலைக் கயிற்றால் ஒவ்வொரு தண்டையும் அதோடு சேர்த்துக் கட்டினார். இளந்தண்டை ஆடு கடிக்காமலிருக்க வெளிப்புறத்தில் முட்கிளைகளை அடுக்கினார்.

எல்லாவற்றையும் செய்தவர், வேலிக்குக் கதவு மட்டும் வைக்கவில்லை.

ஊர் சிரித்தது. எர்சிலியாவின் அக்கா பெர்நார்தா, அதே வீட்டில் இருப்பவர், நேரடியாகவே கேட்டுவிட்டார்.

“ஏன்டி, உள்ள போறதுக்கு றெக்கை முளைக்குமா உனக்கு?”

“ஏணி இருக்குல்லக்கா. ஏறி உள்ள இறங்கிட்டு, ஏணியயும் உள்ள இழுத்துக்குவேன்.”

“ஒரு கதவு வச்சா என்ன கொறஞ்சுடும்?”

“இந்த ஊர்ல ஆடு கள்ளிவேலியத் தாண்டினத நான் பாத்ததில்லக்கா. கதவுல நுழைஞ்சததான் பாத்திருக்கேன். எவனாவது ஒருத்தன் சாத்த மறந்துடறான்.”

“தோட்டமா, ஜெயிலா?”

“ஜெயில்தான். நான் உள்ள, ஆடு வெளிய.”

இரண்டு மழைகள் கடந்தன. தண்டுகள் வேர்விட்டன, பக்கக்கிளைகள் கிளம்பின, ஒன்றின் முள் மற்றொன்றின் மடிப்பில் கோத்துக்கொண்டு நின்றது. ஆண்டின் கடைசி மழை ஓய்ந்தபோது உள்ளே சோளம் ஆளுயரம் வளர்ந்து கதிர் தள்ளியிருந்தது. கிழக்குக் காற்று அந்தக் கதிர்வாசனையை நேராக நிகாசியோவின் பட்டிக்கு எடுத்துச்சென்றது. ஆடுகள் நாள்முழுவதும் அந்தப் பக்கம் பார்த்தபடியே அசைபோட்டன.

ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் தேவாலய வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது நிகாசியோ தொப்பியைக் கழற்றினார்.

“தங்கச்சி, வேலி ரொம்ப அழகா இருக்கு. வெளியூர்க்காரங்க நின்னு போட்டோ எடுக்கறாங்க.”

“எல்லாம் உங்க ஆசீர்வாதம் கொம்பா.”

“ஆனா பாருங்க, அட்மிரால் அதப் பாத்துச் சிரிக்கறான். ‘முதலாளி, இது வேலியா, இல்ல பல் குத்தற குச்சியா’ன்னு கேக்கறான்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எர்சிலியாவும் சிரித்தார். ஆனால் அன்று அவர் வழக்கம்போல் பேச்சை அதோடு விட்டுவிடவில்லை. முகம் சிவக்க, குரல் சற்றே நடுங்க, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“அப்போ அவர விருந்துக்கு அழைக்கறேன் கொம்பா. சனிக்கிழமை, காலை மணி அடிச்சதுலருந்து உச்சி மணி வரைக்கும். உங்க மந்தை மொத்தத்தயும் என் வேலியச் சுத்தி விடுங்க. ஒரே ஒரு ஆடு உள்ள போனாலும் சோளம் முழுக்க உங்க ஆட்டுக்கு. நான் ஏணியயும் உடைச்சுப் போட்டுட்டு, தோட்டத்த உங்க மேய்ச்சலுக்கே விட்டுடறேன்.”

நிகாசியோ தொப்பியைத் தலையில் வைத்தார், மறுபடி எடுத்தார்.

“ஒண்ணும் போகலேன்னா?”

“இந்த வருஷம் என் தோட்டத்துல சிமதான். குழம்புக்கு ஆடு நீங்க தரணும். அட்மிரால் வேணாம், அவர் கறி வேகாது. இளசா ஒண்ணு. நீங்களே தோள்ல தூக்கிட்டு வரணும்.”

“சரி” என்றார் நிகாசியோ. வேறென்ன சொல்ல முடியும்? ஊரே கேட்டுக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் எர்சிலியா வேலியை உட்புறமாகச் சுற்றி வந்தார். ஒவ்வொரு தண்டின் அடியிலும் முள் இல்லாத பள்ளத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்ப்பது அவர் வழக்கம். வடக்குப் பக்கத்தில் ஒரு தண்டில் விரல் உள்ளே போயிற்று. பழுத்த பப்பாளியில் போவதுபோல் போயிற்று. விரலை எடுத்து முகர்ந்தார். அழுகல் வாடை.

ஏணியில் ஏறி இறங்கி வெளியே வந்தபோது, அந்தத் தண்டின் அடிமண் மட்டும் கறுத்து ஈரமாக இருப்பதைக் கண்டார். மழை நின்று எத்தனையோ நாளாகிவிட்டது. வாளியோடு வந்துகொண்டிருந்த பெர்நார்தா, தங்கையைப் பார்த்ததும் வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். வாளி பெரியது, முதுகு சிறியது.

“அக்கா, அது என்ன?”

“எது?”

“பின்னாடி இருக்கறது.”

“பாத்திரம் கழுவின தண்ணிடி. கீழ ஊத்தறதுக்குப் பதிலா... பாவம், மத்ததெல்லாம் நிமிந்து நிக்குது, இது மட்டும் வாடின மாதிரி இருந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஊத்தினேன். சாயங்காலமும் காலையிலயும்.”

“கள்ளிக்குமாக்கா?”

“உயிர்தானே அதுவும்?”

எர்சிலியாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்பினால் நேர்ந்த பிழையை எந்தச் சொல்லால் திட்டுவது என்று தெரியாமல் அது அப்படியே நின்றுவிட்டது. அவர் அக்காவின் கையிலிருந்த வாளியை வாங்கித் தூரத்தில் கவிழ்த்தார். பிறகு கத்தியை எடுத்துவந்தார்.

அழுகிய அடியை வெட்டினார். இன்னும் பழுப்பு நிறம் தெரிந்தது. இன்னும் மேலே வெட்டினார். வெள்ளையாக, சுத்தமான சதை தெரிந்தபிறகே நிறுத்தினார். முழங்கால் உயரத்துக்குத் தண்டு போய்விட்டது. மிச்சம் நலமாகவே இருந்தது. ஆனால் புதுக்காயத்தோடு அதை மண்ணில் நட்டால் மீண்டும் அழுகும், காயவைக்கவோ நேரமில்லை, விட்டுவிட்டாலோ அந்த இடத்தில் ஓர் ஆடு தாராளமாகப் போகலாம்.

“எம்மேலதான் தப்பு. நாளைக்கு நான் வேணா அந்த இடத்துல உக்காந்துக்கறேன்” என்றார் பெர்நார்தா, கண் கலங்க. “நான் குண்டாத்தானே இருக்கேன்.”

அழவேண்டிய நேரத்தில் எர்சிலியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு யோசிக்க முடிந்தது.

வேர் இல்லாத தண்டு கீழே நிற்கமுடியாது என்பது உண்மை. ஆனால் இரண்டு பக்கமும் வேருள்ளவர்கள் நிற்கிறார்களே? அவர் முழங்கால் உயரத்துக்குத் தட்டைக் கற்களை அடுக்கினார். தண்டின் வெட்டுவாயில் அடுப்புச் சாம்பலை அழுத்தித் தேய்த்து, அது மண்ணைத் தொடாதபடி கல்லின்மேல் நிறுத்தினார். குறுக்குச் சட்டங்களோடும் பக்கத்துத் தண்டுகளோடும் வலைக்கயிற்றால் மூன்று இடங்களில் இறுக்கிக் கட்டினார். பிறகு தள்ளிப் பார்த்தார். சற்றே உள்ளே போய், மறுபடி தன் இடத்துக்கு வந்தது. அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

சனிக்கிழமை காலை ஊர் நாற்காலிகளோடு வந்தது. குடை, குளிர்ந்த பானம், சோளப் பணியாரம், எல்லாம் வந்தன. நிகாசியோ வெள்ளைச் சட்டை அணிந்து மந்தையை ஓட்டிவந்தார். ஆடுகளின் வயிறு ஒட்டிக்கிடந்தது.

“கொம்பா, பசங்க நேத்து சாப்பிடலியா?”

“விருந்துக்குப் போறப்போ வீட்ல சாப்பிட்டுட்டுப் போறது மரியாதை இல்லியே தங்கச்சி.”

மணி அடித்தது. மந்தை வேலிமேல் பாய்ந்தது.

முதல் ஒரு மணி நேரம் பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தது. குட்டி ஒன்று தண்டுகளின் அடியில் தலையை விட்டு, மூக்கில் முள்ளோடு அலறியபடி தாயிடம் ஓடியது. ஒரு வெள்ளாடு இன்னொன்றின் முதுகில் ஏறி எட்டிப் பார்த்தது. முதுகு நகர்ந்துவிடவே இரண்டும் உருண்டன. முட்கிளைகளை இழுத்துப் போட்டுவிட்டு இளந்தண்டைக் கடிக்கப் போனவை, அவை இப்போது இளந்தண்டுகள் அல்ல என்பதை உதட்டால் தெரிந்துகொண்டன.

“வேலி பல் குத்துதுடோய்!” என்று யாரோ கத்தினார்கள்.

அட்மிரால் மட்டும் அவசரப்படவில்லை. தாடி அசைய, வேலியை ஓரமாகவே சுற்றிவந்தது, நின்றது, முகர்ந்தது, நடந்தது. வடக்குப் பக்கத்தில், கல்லின்மேல் நின்ற தண்டுக்கு முன்னால் வந்ததும் நின்றேவிட்டது. பெர்நார்தா ஜெபமாலையை எடுத்தார்.

“அட்மிரால் எதயோ கண்டுபிடிச்சுட்டான்” என்றார் நிகாசியோ மெதுவாக.

கிடாய் பின்வாங்கி, தலையைத் தாழ்த்தி, மோதியது. தண்டு உள்ளே போயிற்று, கயிறு முனகியது, தண்டு திரும்பி வந்து அதன் நெற்றியில் அறைந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. கிடாய் மறுபடி மோதியது. மறுபடி அறை வாங்கியது. மூன்றாம் முறை அது மோதவில்லை. தலையைச் சாய்த்து, ஒரு கொம்பை முதலில் நுழைத்து, தண்டை ஒதுக்கி, மற்றக் கொம்பையும் நுழைத்துவிட்டது. தண்டு தன் இடத்துக்குத் திரும்பியது. அட்மிராலின் தலை வேலிக்கு உள்ளேயும், மீதி உடம்பு வெளியேயும் நின்றன. முன்னால் போகத் தோள் விடவில்லை. பின்னால் வரக் கொம்பு விடவில்லை. சோளத்தின் முதல் வரிசை அதன் நாக்குக்கு ஒரு விரல் தூரத்தில் இருந்தது. எர்சிலியா நடப்பதற்காக விட்டிருந்த பாதை அந்த ஒரு விரலைக் காப்பாற்றியது. நாக்கு நீண்டது, காற்றை நக்கியது, திரும்பியது.

அந்த நிலையில் உச்சி மணி அடித்தது.

பெருங்கூச்சல் எழுந்தது. கிடாய் உள்ளே வந்துவிட்டது என்று பாதிப்பேர். வரவில்லை என்று பாதிப்பேர்.

“தலை உள்ள இருந்தா ஆள் உள்ளதான்!”

“அப்போ வால் யாருது?”

“திங்கறது வாயிதான்டா, வால் இல்ல!”

“தின்னுச்சா? தின்னுச்சான்னு கேக்கறேன்!”

எர்சிலியா நிகாசியோவின் எதிரில் வந்து நின்றார். இம்முறை குரல் நடுங்கவில்லை.

“கொம்பா, நீங்களே சொல்லுங்க. ஒருத்தர் ஜன்னல் வழியா என் வீட்டுக்குள்ள தலைய நீட்டினா, நான் அவருக்கு நாற்காலி போடணுமா?”

நிகாசியோ தன் கிடாயைப் பார்த்தார். கிடாய் அவரைப் பார்க்க முடியாமல் சோளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. முதலில் இருமுகிறார் என்றே எண்ணினார்கள். பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துச் சிரித்து வெள்ளைச் சட்டையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“போடவேணாம் தங்கச்சி. ஜன்னல மெதுவாச் சாத்தினாப் போதும். நான் தோத்துட்டேன்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “இவன எப்படி வெளிய எடுக்கறது? கொம்ப அறுக்கச் சொல்லிடாதீங்க. இவனுக்கு அதுதான் கௌரவம்.”

“எதுக்கு அறுக்கணும்?” என்றார் எர்சிலியா.

அவர் குனிந்து, வலைக்கயிற்றின் மூன்று முடிச்சுகளையும் ஒவ்வொன்றாக அவிழ்த்தார். வேர்பிடித்த தண்டாக இருந்தால் ரம்பத்தையும் கோடரியையும் தேடவேண்டியிருக்கும். இது கல்லின்மேல் நின்ற தண்டு. சாக்கைச் சுற்றிப் பிடித்து ஒரு பக்கமாக எடுத்துவைத்தார். அட்மிரால் தலையை உருவிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், மந்தையின் கடைசி ஆடாக வீட்டுக்கு நடந்தது.

தண்டு நின்ற இடத்தில் ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்கு வழி இருந்தது. எர்சிலியா அதைச் சற்றுநேரம் பார்த்தபடி நின்றார். பிறகு தண்டைத் திரும்பக் கல்லின்மேல் வைத்து, இம்முறை எளிதில் அவிழும் முடிச்சாகப் போட்டார்.

“அக்கா, கதவு கேட்டியே. இந்தா.”

“நான் ஊத்தின தண்ணியாலதான் கதவே வந்துச்சு” என்றார் பெர்நார்தா, ஜெபமாலையைப் பையில் வைத்துக்கொண்டே. அதை அவர் இன்றுவரை ஊரெங்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார், யாரும் மறுப்பதில்லை.

கதிர் செம்பழுப்பாக முற்றியதும் ஊர் வந்தது. கூடைகளோடும் கத்திகளோடும், மேளத்தோடும் சிறு கிதாரோடும் வந்தது. முன்னால் நிகாசியோ, சொன்னபடியே இளம் ஆடு ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு. அவருக்குப் பக்கத்தில் நடந்துவந்த அவர் மனைவி, வேலியின் ஒவ்வொரு தண்டையும் விலை கேட்பவரைப்போல் பார்த்துக்கொண்டே வந்தார்.

“எர்சிலியா, கிளை நறுக்கும்போது எனக்குக் கொஞ்சம் எடுத்து வையி” என்றார். “எங்க வீட்டு அவரைய அஞ்சு வருஷமாத் திங்கறது யாருன்னு நெனைக்கற?”

நிகாசியோ ஒன்றும் கேட்காதவர்போல் ஆட்டின் காதைத் தடவினார்.

எர்சிலியா கயிற்றை அவிழ்த்துத் தண்டை எடுத்துவைத்து, முதலில் உள்ளே போய், சோளத்தின் முதல் வரிசைக்கு முன்னால் திரும்பி நின்றார். மற்றவர்கள் வெளியே தோள்கோத்து வரிசையாக நின்றார்கள். தோட்டத்துக்குள் நுழைவதற்கு முன் வந்தவர்கள் ஒரு வரி பாடவேண்டும்; தோட்டக்காரர் தனியே அதற்கு மறுவரி பாடி உள்ளே அழைக்கவேண்டும். அதுதான் முறை. மற்றவர்களின் தோட்டங்களில் எர்சிலியா எப்போதும் கூட்டத்தோடு கூட்டமாகப் பின்பாட்டுப் பாடியவர். தனிக்குரலில் பாடியவர் அல்லர்.

மேளம் அடித்தது. வெளியே இருந்தவர்கள் பாடினார்கள்:

கிழக்குக் காத்து கூட்டி வந்தது, கதிரு முத்துன வீடு எது?

பாட்டு நின்றது. காற்று மட்டும் சோளத்தில் சலசலத்தது. வேலிக்கு அப்பால் எல்லா முகங்களும் அவரையே பார்த்தன.

எர்சிலியா மூச்சை இழுத்துக்கொண்டார். பிறகு, மலைச்சரிவில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளும் தலை தூக்கும் அளவுக்கு, உரக்கப் பாடினார்:

இதுதான், இதுதான் அந்த வீடு, எல்லாரும் உள்ள வந்துடுங்க!

வழி ஒடுக்கமானது. ஒவ்வொருவராக, முள் படாமல் ஒருக்களித்து, சிரித்துக்கொண்டே அவர்கள் உள்ளே வர ஆரம்பித்தார்கள்.